ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும் அம்மாவை எழுப்பி நடக்க வைக்கலாமா?

நிலாவெளிப் பக்கமிருந்து எழுதியவருக்கு. உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன், சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். 78 வயது அம்மா, நிமோனியா என்று திருகோணமலையில் வாட்டில் சேர்த்து ஐந்து நாள் ஆகிறது. அதற்கு முதல் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் தானே நடந்து போய் வந்தவர். இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் எழும்பி நின்றால் கால் நடுங்குகிறது, பாம்பஸ் கட்டியிருக்கிறது, சித்தி பக்கத்தில் நின்று "எழும்ப விடாதே, விழுந்தால் ஆர் பார்க்கிறது" என்கிறார். என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியதைப் படித்தால் பயிற்சி பற்றிய கேள்வி மாதிரித் தெரியவில்லை. நடக்க வைத்து விழுந்தால் பழி உங்கள் மேல் வரும். படுக்க வைத்தே கால் போனால் அது வயசு, விதி, ஒருவர் மேலும் பழி இல்லை. இந்த இரண்டில் எது பெரிய ஆபத்து என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

நான் பிசியோதெரபிஸ்ட். கிழக்கு மாகாணத்து அரச ஆஸ்பத்திரிகளில், பெரும்பாலும் மெடிக்கல் வாட்டுகளில், பல வருடம் வேலை செய்தவன். காய்ச்சல் விட்டு, பிறசர் ஒழுங்காக இருக்கிற, வீட்டில் நடந்து திரிந்த ஒரு வயதானவருக்குக் கட்டில்தான் பெரிய ஆபத்து. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் அம்மா அந்த வகைக்குள் வருகிறாரா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, அதை வாட்டில் கேட்டே அறிய வேண்டும், எப்படிக் கேட்பது என்று கீழே சொல்கிறேன்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்தவை. 2007இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். நோய் நொடி இல்லாத, சராசரி 67 வயதான ஆட்களைப் பத்து நாள் கட்டிலில் படுக்க வைத்து, சாப்பாடும் அளவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்து நாளில் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. கவனியுங்கள், அவர்கள் சுகமான ஆட்கள். காய்ச்சலும் கிருமியும் சேர்ந்தால் தசை கரைவது இன்னும் வேகம், அதோடு வருத்தக்காரர் ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை. இதைவிடப் பழைய ஆய்வு ஒன்று 1966இல் டாலஸில் நடந்தது: ஐந்து இளைஞர்கள், எல்லோரும் இருபது வயது அளவு, மூன்று கிழமை படுக்கை. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்துத் திரும்பப் பரிசோதித்தபோது, முப்பது வருட வயதை விட அந்த மூன்று கிழமைப் படுக்கைதான் அவர்களின் இதய, நுரையீரல் தெம்பை அதிகமாகக் குறைத்திருந்தது. இருபது வயதில் அப்படியென்றால் 78இல் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

போவது தசை மட்டும் இல்லை. மல்லாந்து படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி ஒழுங்காக விரியாது, சளி தேங்கும், இருமி வெளியேற்றவும் பலம் வராது. நிமோனியாக்காரருக்கு இதைவிடக் கெடுதல் என்ன இருக்கிறது? மலம் இறுகும். முதுகின் அடியிலும் குதிக்காலிலும் படுக்கைப் புண் வரும். காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். சில நாள் படுத்தவர் திடீரென எழும்பினால் பிறசர் சடாரென இறங்கித் தலை சுற்றும். இதைப் பார்த்துவிட்டு வீட்டார் "பாருங்கள், எழும்பினால் தலை சுற்றுகிறது, படுக்கட்டும்" என்பார்கள், அடுத்த நாள் இன்னும் கூடச் சுற்றும். பிறகு அந்த மாறாட்டம் இருக்கிறதே, இரவில் ஆளைத் தெரியாமல் பேசுவது, ஊசி வயரைப் பிடுங்குவது, இது வீடா வாட்டா என்று தெரியாமல் முழிப்பது. பகலில் எழுப்பி இருத்தி, கதை கொடுத்து, கண்ணாடி போட்டு, நடக்க வைத்து, இரவில் நன்றாகத் தூங்க விட்டால் அது குறையும். 1999இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இப்படிக் கவனித்தவர்களில் 9.9 சதவீதத்துக்கும் வழமையாகக் கவனித்தவர்களில் 15 சதவீதத்துக்கும் மாறாட்டம் வந்தது. அதற்குத் தனி மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

வாட்டில் ஏன் படுக்க விடுகிறார்கள் என்று கோபப்படாதீர்கள். இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை. அமெரிக்காவில் வயதான முன்னாள் படைவீரர்கள், ஆஸ்பத்திரிக்கு வருமுன் நடந்து திரிந்தவர்கள், அவர்கள் உடலில் கருவி பொருத்திப் பார்த்தபோது ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் 83 சதவீதம் கட்டிலில் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். எங்கள் வாட்டுகளில் ஒரு ஷிஃப்டுக்கு இருக்கும் மிஸ்மாரின், அதாவது தாதிமாரின், தொகையைப் பார்த்தால், ஊசி, மருந்து, சேலைன் முடிக்கவே நேரம் காணாது. பிசியோ ஒருவர் பல வாட்டுகளுக்கு ஓட வேண்டும், உங்கள் அம்மாவிடம் ஒரு நாளைக்கு இரண்டு தரம் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். படுத்திருக்கிற ஆள் விழமாட்டார், விழுந்தால் விசாரணை, படுத்தே கால் போனால் விசாரணை இல்லை. அப்புறம் நாங்கள், சொந்தக்காரர். பார்வையாளர் நேரம் வந்ததும் ஆறேழு பேர் உள்ளே போய், தோடம்பழத்தையும் ஹோர்லிக்ஸையும் வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் நாங்கள் உட்கார்ந்து கதைப்போம், வருத்தக்காரர் எங்கள் முதுகுக்குப் பின்னால் படுத்திருப்பார். இதை எத்தனை தரம் பார்த்துவிட்டேன்! அந்த நேரத்தில் அவரைக் கதிரையில் இருத்திவிட்டு நீங்கள் நின்று கதையுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

சரி, முதலில் யாரிடம் என்ன கேட்பது. காலையில் டொக்டர்மார் ரவுண்ட் வரும்போது, அல்லது அதற்குப் பிறகு ஹவுஸ் ஒபிசரிடம் (வாட்டில் நிற்கும் இளம் டொக்டரிடம்), "நடக்க வைக்கலாமா" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "பார்ப்போம்" என்றோ "கவனமாக" என்றோ பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: "அம்மா கதிரையில் இருந்து சாப்பிடலாமா, ஆள் துணையோடு டொய்லட் வரை நடக்கலாமா, எழும்பக்கூடாது என்று ஏதாவது காரணம் இருக்கிறதா?" பதிலை டிக்கட்டில், அதாவது வருத்தக்காரரின் வாட் குறிப்பேட்டில், எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இருந்தால் இரவு வேலைக்கு வரும் மிஸ்ஸும் தடுக்க மாட்டார், சித்தியும் வாயை மூடுவார், விழுந்தால் என்ன என்ற உங்கள் பயமும் பாதியாகும். அதோடு பிசியோவுக்கு ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். ஒரே தடவை வந்தாலும், எப்படிப் பிடிப்பது, எவ்வளவு தூரம் என்று உங்களுக்குக் காட்டித் தந்தால் மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

எழுப்பக்கூடாத நேரங்கள் உண்டு, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். நெஞ்சு வலி வந்து மாரடைப்பா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, பிறசர் இறங்கி அதற்கு மருந்து ஓடும்போது, எங்காவது இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது, எலும்பு முறிந்து இன்னும் சரி செய்யாதபோது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் டொக்டர் பார்க்கும் வரை நடக்க வைக்க வேண்டாம். டெங்குவில் பிறசர் தளம்பும் கட்டமும் பிளேட்லெட் மிகவும் குறைந்த கட்டமும் அப்படித்தான், 2017இல் கிண்ணியாவில் டெங்கு அடித்த அடியைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பக்கவாதத்தில் ஒரு தனி எச்சரிக்கை. "எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது" என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம், 2015இல் ஐந்து நாடுகளில் 2104 பேரை வைத்துச் செய்த ஆய்வு அதைத் தடுத்து நிறுத்தியது. முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடியும் அதிகமாகவும் எழுப்பி நடமாட வைத்தவர்கள், வழமையான கவனிப்புப் பெற்றவர்களை விட மூன்று மாதத்தில் கொஞ்சம் மோசமாகவே இருந்தார்கள். ஆகவே பக்கவாதக்காரருக்கு முதல் நாளில் அவசரப்படாமல் வாட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் அம்மாவுக்கு இது பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு ஒருவருக்குப் பொருந்தலாம்.

இனி எப்படி எழுப்புவது. ஐந்து நாள் படுத்தவரைக் கையைப் பிடித்து இழுத்து நிமிர்த்தி நிறுத்தாதீர்கள். முதலில் தலைமாட்டை உயர்த்தி, அல்லது தலையணைகளை அடுக்கி, கொஞ்ச நேரம் சாய்ந்து இருக்கட்டும். பிறகு ஒரு பக்கம் சரிந்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்பச் சொல்லுங்கள், நீங்கள் தோளின் பின்பக்கம் தாங்கினால் போதும். விளிம்பில் இரண்டு மூன்று நிமிடம் இருக்கட்டும், அந்த நேரம் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள், அது காலில் தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளும். தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் இரண்டு பாதமும் தரையில் ஊன்றி, முன்னால் குனிந்து எழும்பி நிற்கட்டும். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம், காலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் தூக்கி வைக்கட்டும். முதல் நாள் அவ்வளவுதான், பக்கத்துக் கதிரையில் இருத்திவிடுங்கள். மிஸ்ஸிடம் கேட்டுப் படுத்திருக்கும்போது ஒரு தரமும் எழும்பி நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தரமும் பிறசர் பார்க்க முடிந்தால் மிக நல்லது. மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் அன்றைக்கு நடை வேண்டாம், டொக்டரிடம் சொல்லுங்கள், பிறசர் குளிசையின் அளவையோ தண்ணீர் குடிப்பதையோ பார்க்க வேண்டியிருக்கும். எங்கள் ஊர் வெக்கையில் ஃபான் ஓடினாலும் வாட்டில் உடம்பு வற்றிவிடும், அதை மறந்துவிடுவோம்.

நடக்கும்போது கையைப் பிடித்து முன்னால் இழுத்துப் போகாதீர்கள், கக்கத்தில் கைவிட்டுத் தூக்காதீர்கள், வயதான தோள் அதைத் தாங்காது. பலம் குறைந்த பக்கத்தில், ஒரு அடி பின்னால் நில்லுங்கள். இடுப்பில் ஒரு துவாயையோ சால்வையையோ இறுக்கிக் கட்டிவிட்டால் பிடிக்க ஒரு பிடி கிடைக்கும். தலை சுற்றல், நெஞ்சு வலி, குளிர் வியர்வை, ஒரு வசனத்தை முடிக்க முடியாத அளவு மூச்சு வாங்கல், இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே இருத்துங்கள். ஆகவே போகும் வழியில் ஒரு கதிரையை முதலே போட்டு வையுங்கள். கொஞ்சம் மூச்சு வாங்குவது பிரச்சினை இல்லை, அது வேலை செய்வதன் அடையாளம். ஒட்சிசன் ஓடிக்கொண்டிருந்தால் நீங்களாகக் கழற்ற வேண்டாம். குழாய் எட்டும் தூரத்தில் கதிரையில் இருக்கலாம், எழும்பி நிற்கலாம், நின்ற இடத்தில் கால் மாற்றலாம், அதுவே நல்ல வேலை.

சேலைன் ஒன்று ஏறுகிறது என்பதற்காகவே நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சில்லு வைத்த ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம், இல்லை ஊசி மருந்துக்கு மட்டும் கனுலா (கையில் குத்தி விட்டிருக்கும் சின்னக் குழாய்) இருந்தால் மருந்து முடிந்ததும் மூடிவிடுவார்கள், பிறகு அது எதற்கும் தடை இல்லை. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் "இது இன்றைக்கும் தேவையா" என்று தினமும் கேளுங்கள், கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. போட்டதை எடுக்க மறந்துபோவது எந்த நாட்டிலும் நடப்பது, கிருமி வருவதும் அதன் வழிதான். குழாயோடு நடப்பதென்றால் பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும்.

வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியவை ஹோர்லிக்ஸை விட முக்கியம். மூக்குக் கண்ணாடி, பொய்ப்பல், காதுக் கருவி இருந்தால் அது, அவர் பிடித்துப் பழகிய ஊன்றுகோல். தொலைந்துவிடும் என்று இதையெல்லாம் வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, "அம்மாவுக்குத் தடுமாற்றமாக இருக்கிறது" என்பார்கள். பேர் எழுதி ஒட்டிக் கொண்டுபோங்கள். செருப்பு, பின்னால் வார் உள்ளது. தேய்ந்த ரப்பர் செருப்பும் வெறும் சொக்ஸும் கூடவே கூடாது, மழை நாளில் எல்லோரும் நனைந்த காலோடு உள்ளே வரும்போது வாட் தரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நைட்டி கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், தரையில் இழுபட்டால் தடுக்கும்.

இப்போது பாம்பஸ். எனக்கு இதில்தான் கோபம் அதிகம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நடக்கக்கூடிய, மூத்திரம் வருவதைச் சொல்லத் தெரிந்த ஒரு மனுசிக்கு வசதிக்காகப் பாம்பஸ் கட்டினால், சில நாளில் சொல்லும் பழக்கமே போய்விடும். பிறகு வீட்டுக்கு வந்தும் அதைக் கழற்ற மாட்டார். டொய்லட்டுக்கு நடப்பதுதான் வாட்டில் கிடைக்கும் மிகச் சிறந்த உடற்பயிற்சி: எழும்புவது, நடப்பது, இருப்பது, திரும்ப எழும்புவது, எல்லாம் அதில் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. ஆனால் விழுவதும் பெரும்பாலும் அந்த வழியில்தான், அவசரமாக, தனியாக, இருட்டில் போகும்போது. ஆகவே அவசரம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். காலையில் எழும்பியதும், சாப்பிட்ட பிறகு, படுக்கப் போகுமுன், நீங்களாகக் கூட்டிப் போங்கள். தூரமென்றால் கட்டிலடியில் கொமோட் கதிரை கேளுங்கள், இரவுக்கு அது போதும். பாம்பஸ் இரவுக்கு மட்டும் என்று தொடங்கி, பிறகு அதையும் விடலாம்.

"பயிற்சி" என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று வேளையும் கதிரையில் இருந்து சாப்பிடுவது, அது நுரையீரலுக்கும் நல்லது, சாப்பாடு மூச்சுக்குழலுக்குள் போவதும் குறையும். கதிரையிலிருந்து எழும்பி இருப்பது, ஐந்து தரம், நாளைக்கு மூன்று நான்கு தடவை, கையை ஊன்றினாலும் பரவாயில்லை. நடை, நாளைக்கு மூன்று தரம், இன்று பக்கத்துக் கட்டில் வரை என்றால் நாளை ஜன்னல் வரை. இவ்வளவுதான். படுத்தபடியே காலை ஆட்டும் பயிற்சிகளை வாட்டில் சொல்லித் தருவார்கள், எழும்பவே முடியாதவருக்கு அது சரி, எழும்பக்கூடியவருக்கு அது எழும்பி நிற்பதற்கு ஈடாகாது.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. கஞ்சியும் ரஸ்க்கும் பிளேன் டீயும் தசையைக் கட்டாது. வருத்தம் வந்த முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்று 2013இல் நிபுணர் குழு ஒன்று சொன்னது. 50 கிலோ அம்மாவுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவு, 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு. திருகோணமலையில் இருந்துகொண்டு மீனுக்கு அலையத் தேவையில்லை, முள் எடுத்த பாறையோ சுறாப் புட்டோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், கோயிலுக்காக மச்சம் விட்டவர் என்றால் பருப்பு, கடலை, தயிர். சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, இளநீரும் பழமும்கூட அவர்களுக்குக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இனிச் சந்தேகமானவை. நடக்க வைத்தால் சீக்கிரம் வீட்டுக்கு விடுவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது, ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. 2019இல் ஸ்பெயினில் பம்ப்லோனா நகரில் 75 வயதுக்கு மேற்பட்ட 370 பேரை வைத்துச் செய்ததுதான் நம்பிக்கை தரும் ஆய்வு. நாளைக்கு இரண்டு தரம், ஒவ்வொன்றும் இருபது நிமிடம், ஐந்து முதல் ஏழு நாள். பயிற்சி செய்யாதவர்கள் வந்ததை விட மோசமாகப் போனார்கள், செய்தவர்கள் கொஞ்சம் முன்னேறிப் போனார்கள். ஆனால் அங்கே பயிற்சிக் கருவிகளும் பக்கத்தில் நின்று செய்விக்க ஆட்களும் இருந்தார்கள், எங்கள் வாட்டில் துவாயைக் கட்டி நடப்பதால் அதே பலன் வரும் என்று நான் சொன்னால் அது பொய். எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் சான்று இன்னும் பலவீனம் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு 900 காலடிக்குக் குறைவாக நடந்தவர்கள் அதிகம் தளர்ந்தார்கள் என்று இஸ்ரேலில் 2017இல் ஒரு ஆய்வு வந்தது, அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஃபோனில் காலடி எண்ணத் தொடங்காதீர்கள், வருத்தம் கூடியவர் குறைவாக நடந்திருப்பார் என்பதும் அதற்குள் இருக்கிறது. படுக்கை கெடுக்கும் என்பது உறுதி. எவ்வளவு நடந்தால் அதைத் தடுக்கலாம் என்பது அவ்வளவு உறுதி இல்லை.

சித்தியோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர் சொல்வதில் பாதி சரி, தனியாக எழும்பினால் விழக்கூடும். அவரையே பிடிக்கச் சொல்லுங்கள். பெண்கள் வாட்டில் இரவு துணைக்கு நிற்கப் போவது அவர்தானே, துவாய் கட்டுவதையும் எழுப்பும் முறையையும் பிசியோ அவருக்குத்தான் காட்ட வேண்டும்.

துண்டு வெட்டுகிறோம், அதாவது வீட்டுக்கு விடுகிறோம், என்று சொன்னதும் சந்தோசத்தில் வேனைக் கூப்பிடாமல், அதற்கு முதல் நாள் அம்மா கட்டிலிலிருந்து எழும்பி, டொய்லட் போய், வீட்டு வாசல் அளவு ஒரு படி ஏறி இறங்குகிறாரா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதை ரவுண்டில் சொல்லுங்கள். கிணற்றடிப் பாசியை அவர் வருமுன் தேய்த்துவிடுங்கள், முதல் கிழமை குளிப்பு உள்ளே கதிரையில் இருந்து. நாளை ரவுண்டில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், ஒட்சிசன் இல்லாமல் இருக்கும்போது விரலில் மாட்டும் கருவி என்ன எண் காட்டுகிறது என்றும் மிஸ்ஸிடம் கேட்டு எழுதுங்கள், அதை வைத்து எவ்வளவு தூரம் என்று கொஞ்சம் திட்டமாகக் கதைக்கலாம்.